நம் திடலில் நீர் தேங்கியது ஏன்?

தலைமையாசிரியர்



தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நம் பள்ளியின் விளையாட்டுப் போட்டியை நம் சொந்தத் திடலில் நடத்த இயலவில்லை. வேறொரு பள்ளியின் திடலை இரவல் பெற்று, பேருந்து அமர்த்திப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். பேருந்துக் கட்டணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது. அதற்காக அன்றே நன்றி கூறிவிட்டேன். ஆனால் என் மனத்தை உறுத்தியது கட்டணமன்று. முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளுள் பலர் நம் திடலில் ஒருமுறையேனும் நூறு மீட்டர் ஓடாமலேயே மூன்றாம் ஆண்டிற்கு வந்துவிட்டனர். ஓய்வு நேரத்தில் அவர்கள் சிற்றுண்டிச் சாலையின் சிமெண்டுத் தரையிலே நெருக்கியடித்து நின்று, திடலை ஏதோ ஒரு குளத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இவ்வாண்டு அந்நிலை மாறிற்று. எவ்வாறு மாறிற்று என்பதையும், அதற்கு முன் நாம் செய்த தவறு யாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க விழைகின்றேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்நீர் சரியாக ஒரு லிட்டர் ஆகும். நம் திடல் ஏறக்குறைய 80 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உடையது. அஃதாவது 4,000 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் ஜொகூரில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை பெய்வது அரிய செய்தியன்று. அப்படிப் பெய்தால் நம் திடலின்மேல் மட்டும் 240,000 லிட்டர் நீர் விழுகிறது. 200 லிட்டர் கொள்ளும் எண்ணெய்ப் பீப்பாய்களாக எண்ணினால் 1,200 பீப்பாய்கள்! ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இக்கணக்கைப் போட்டபோது, விடை தவறென்று எண்ணி அழித்துவிட்டு மீண்டும் போட்டார்கள். விடை சரியானதே.

இத்துணை நீரும் செல்வதற்கு மூன்றே வழிகள் உள்ளன. நிலத்தின் மேல் ஓடிச் செல்லலாம், மண்ணுக்குள் இறங்கலாம், வெயிலில் ஆவியாகலாம். முதல் இரண்டும் அடைபட்டால் மூன்றாவது ஒன்றே எஞ்சும். மழைக் காலத்தில் வெயிலை நம்பியிருப்பது எத்தகையது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆவியாகும்வரை அந்நீர் சும்மாவும் கிடப்பதில்லை. ஏடிஸ் கொசு தெளிந்த தேங்கு நீரை நாடி முட்டையிடும். ஏழு முதல் பத்து நாள்களுக்குள் முட்டை கொசுவாகிவிடும். ஆதலால் ஒரு வாரத்திற்கு மேல் நீர் நிற்கும் திடல், விளையாட்டைக் கெடுப்பதோடு டெங்கிக் காய்ச்சலுக்கும் இடம் கொடுக்கும்.

நம் இருப்பிடத்தையும் ஈண்டு நினைவில் கொள்ளல் வேண்டும். பெர்மாஸ் ஜெயா தெப்ராவ் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி, ஜொகூர் நீரிணையின் வடகரையில் அமைந்துள்ளது. கடல்நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. நீரேற்ற வேளையில் கடலை நோக்கிச் செல்லும் கால்வாய்கள் வேகம் குன்றி நிற்கும். தாழ்ந்த நிலமாதலின், மேட்டு நிலத்துப் பள்ளிகளுக்கு எளிதாக இருக்கும் வேலை நமக்கு எளிதாக இராது.

இனி, மண்ணைப் பற்றிக் காண்போம். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் எங்கள் அறிவியல் விரிவுரையாளர் ஒரு சோதனையைக் கற்பித்தார். செலவில்லாத சோதனை அது. ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதியளவு மண்ணை இட்டு, நீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி, மேசைமேல் அசையாமல் வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிடத்திற்குள் அடியில் படியும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களிமண்ணோ மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். நம் திடலின் மண்ணை இவ்வாறு சோதித்தபோது மூன்றாம் நாள்கூடப் போத்தல் தேநீர் நிறத்திலேயே இருந்தது. களிமண்ணின் ஒரு துகள் 0.002 மில்லிமீட்டரினும் சிறியது. பருமணலின் துகள் அதனினும் ஆயிரம் மடங்கு பெரிது. துகள் சிறியதாயின் துகள்களுக்கு இடையேயுள்ள சந்தும் சிறியதாகும். அச்சந்தில் நீர் நுழையும், நுழைந்தபின் நகராது.

பிள்ளைகளே, இன்னொரு சோதனையையும் உங்கள் வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு சாண் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழி தோண்டி, நீர் ஊற்றி, அது வற்றியபின் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறதென்று அளக்க வேண்டும். முதல்முறை ஊற்றிய நீரைக் கணக்கில் கொள்ளலாகாது; காய்ந்த மண் அதைக் குடித்துவிடும். நம் திடலின் நடுவில் தோண்டிய குழியில் ஒரு மணி நேரத்தில் நீர் அரை விரற்கடைகூட இறங்கவில்லை.

இவ்வளவும் முன்பே தெரிந்திருந்தால் நாம் ஒரு பெருந்தவறைத் தவிர்த்திருப்போம். சில ஆண்டுகளுக்கு முன்னர், நீர் தேங்குகிறது என்ற குறை எழுந்தவுடன், குத்தகையாளர் ஒருவரைக் கொண்டு லாரி லாரியாகச் செம்மண் கொட்டித் திடலை உயர்த்தினோம். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. படம்கூட எடுத்துக்கொண்டோம். முதற் பருவமழையிலேயே முன்பிருந்ததைவிட அதிக நீர் நின்றது. குத்தகையாளரைக் குறை கூறுவது எளிது. மண் கொட்டுமாறு சொன்னவர்கள் நாம், அவர் கொட்டினார். நீர் எங்கே போகும் என்ற கேள்வியை அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

அம்மண் ஏன் பயன்படவில்லை? லாரிகளின் சக்கரங்கள் ஈரமண்ணை அழுத்தி, செங்கல்லைப்போல் இறுக்கிவிட்டன. இது முதற் காரணம். கொட்டிய மண் ஓரங்களில் உயர்ந்தும் நடுவில் தாழ்ந்தும் அமைந்தது இரண்டாவது. இதனைக் கண்ணால் காண இயலாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நீர்க்குழாயைக் கொண்டு ஆறாம் ஆண்டு மாணவர்கள் அளந்தார்கள். ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயில் காற்றுக் குமிழி இன்றி நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு இடங்களில் பிடித்தால், இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும். ஓரிடத்தில் நீர்மட்டத்திலிருந்து தரைவரை 120 சென்டிமீட்டரும், மற்றோரிடத்தில் 131 சென்டிமீட்டரும் இருந்தால், இரண்டாம் இடம் 11 சென்டிமீட்டர் தாழ்ந்தது என்பது பொருள். நம் திடலின் நடுப்பகுதி ஓரத்தைவிட அந்த அளவே தாழ்ந்திருந்தது. திடலென்று நாம் அழைத்தது உண்மையில் ஒரு பெரிய தட்டு.

மூன்றாவது காரணத்தை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சொன்னவர் வேறொருவர்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இச்சிக்கலைப் பேசினோம். நன்கொடையாகக் கிடைத்த தொகை ஒன்று கையிலிருந்தது. திடல் முழுவதற்கும் தார் போட்டுவிடலாம், அல்லது சிமெண்டு போட்டுவிடலாம் என்று பலர் கூறினர். சேறும் வேண்டா, புல் வெட்டும் செலவும் வேண்டா என்பது அவர்களின் கருத்து. அதில் நியாயம் இல்லாமலில்லை. மாதந்தோறும் புல் வெட்டுவதற்கு வெள்ளி கொடுப்பவர்கள் அவர்கள்தாமே. எனினும் நான் உடன்படவில்லை. தார்த்தரையிலும் அதே 240,000 லிட்டர் நீர்தான் விழும். ஒரு துளியும் உள்ளே இறங்காமல் அத்தனையும் ஒரே வேளையில் வெளியே பாயும். தட்டைப்போல் குழிந்த தரையில் தார் போட்டால் தார்த்தட்டில் நீர் நிற்கும். குழிவைச் சரிசெய்து போட்டாலோ நீர் அடுத்த வீட்டார் வாசலில் நிற்கும். மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுச்சூழலுக்கு இசைந்த வடிகால் கையேடும், மழைநீரை விழுந்த இடத்திலேயே கூடியவரை தாமதப்படுத்துதல் வேண்டும் என்னும் கொள்கையையே கொண்டுள்ளது. அஃதன்றியும், பிற்பகல் இரண்டு மணிக்குத் தார்த்தரையில் வெறுங்காலோடு நின்றவர்களுக்குப் புல்லின் அருமை தெரியும். புல்லில் விழும் பிள்ளை எழுந்து ஓடும். தாரில் விழும் பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்திற்கு வரும்.

வாதம் நீண்டது. அப்பொழுது பின்வரிசையில் தம் பேத்திக்காக வந்து அமர்ந்திருந்த ஒரு முதியவர் எழுந்தார். எழுபதைக் கடந்தவர். இவ்வட்டாரம் ரப்பர் மரமும் செம்பனையுமாக இருந்த காலத்தில் தோட்டத்தில் கான் வெட்டும் வேலை செய்தவர். “வாத்தியாரய்யா, அந்தத் திடலுக்குக் குறுக்கே எங்கள் காலத்தில் பெரிய கான் ஒன்று ஓடியதே, அதை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார்.

எவருக்கும் விடை தெரியவில்லை. அப்படி ஒரு கான் இருந்ததே தெரியாது. மறுநாள் அவர் வந்து திடலைச் சுற்றி நடந்தார். ஓரிடத்தில் நின்று, “இந்தக் கோரையைப் பாருங்கள்” என்றார். திடலின் மேல்மூலையிலிருந்து சாலையோர மூலைவரை, பிற இடங்களைவிடக் கரும்பச்சையாக, ஒரு கோடு போட்டதுபோல் கோரை வளர்ந்திருந்தது. அந்தத் திடலை நான் நாள்தோறும் பார்த்திருக்கிறேன்; அக்கோட்டைக் கண்டதில்லை. இரண்டு அடி தோண்டியவுடன் செம்மண் முடிந்து, அழுகிய இலைகள் கலந்த கருநிற வண்டல் வந்தது. குழியில் நீர் ஊறியது. பழைய கானின் மேலேயே நாம் செம்மண்ணைக் கொட்டி மூடியிருக்கிறோம்!

இதன் பொருளை விளக்குகின்றேன். நம் பள்ளிக்குப் பின்னாலுள்ள நிலம் மேடானது. அங்கே இறங்கும் நீர் மண்ணுக்கடியில் மெல்ல நகர்ந்து, தளர்ந்த வண்டல் நிறைந்த பழைய கான் வழியாக இன்றும் நம் திடலுக்குள் வந்துகொண்டிருந்தது. வெளியேறும் வாயிலை மட்டும் இறுகிய செம்மண் அடைத்துக்கொண்டது. வரவு உண்டு, செலவு இல்லை. மழை நின்று மூன்று நாள் ஆகியும் திடலின் நடுவே ஈரம் குறையாமைக்குக் காரணம் இதுவே.

தோட்டங்களில் நிலத்தைப் பண்படுத்தியவர்கள் முதலில் வெட்டியது கானைத்தான். செம்பனையின் வேர் நீரில் நின்றால் காய்ப்புக் குன்றும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எங்கே எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்வு என்பதெல்லாம் அவ்வேலை செய்தவர்களின் கையிலும் காலிலும் இருந்த அறிவு. தோட்டம் நகரமானபோது அவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். அவ்வறிவைக் கேட்டு எழுதிவைப்பார் இல்லை. நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மழை சற்றே ஓய்ந்திருந்த மாதங்களில் வேலையைத் தொடங்கினோம். பழைய கான் இருந்த கோட்டிலேயே 70 மீட்டர் நீளத்திற்குப் பள்ளம் தோண்டி, அடியில் வடிதுணி விரித்து, துளையிட்ட பிவிசி குழாயைப் பதித்து, அதைச் சுற்றிச் சரளைக் கல்லும் அதன்மேல் பருமணலும் இட்டோம். 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்னும் சாய்வில், குழாயின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையே 35 சென்டிமீட்டர் இறக்கம். வடிதுணி எதற்கென்றால், நீரை விட்டு வண்டலைத் தடுப்பதற்கு. அஃதில்லையேல் சில ஆண்டுகளில் கல்லிடுக்குகள் அடைபட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இவ்வகைக் கல்நிரப்பிய வடிகாலுக்கு ஆங்கிலத்தில் ‘பிரெஞ்சு’ வடிகால் என்று பெயர். பிரான்சு நாட்டிற்கும் இதற்கும் தொடர்பில்லை. 1859ஆம் ஆண்டில் பண்ணை வடிகால் பற்றி நூலெழுதிய ஹென்றி பிளாக் பிரெஞ்சு என்னும் அமெரிக்கரின் பெயரே அது.

இந்நடுக்குழாயோடு இரு பக்கங்களிலிருந்தும் சிறு பள்ளங்களை மீன்முள்போல் சாய்வாக இணைத்தோம். மேட்டுப்பக்க எல்லையில் ஒரு தடுப்புக் கான் வெட்டினோம். வெளிநீர் திடலுக்குள் நுழையுமுன்பே அதில் விழுந்து திரும்பிவிடும். கட்டடத்தின் கூரையையும் மறக்கவில்லை. 250 சதுர மீட்டர்க் கூரை, அதே 60 மில்லிமீட்டர் மழையில் 15,000 லிட்டர் நீரைத் திடலின் ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதைக் குழாய்வழித் தனிக் கானுக்குத் திருப்பினோம். செலவு குறைந்த வேலை அதுவே, பயனோ பெரிது. வெளிக்கால்வாயோடு இணைப்பதற்கு நகராண்மையின் அனுமதியைப் பெற்ற பிறகே கடைசிப் பகுதியைத் தோண்டினோம்.

பின்னர் மேற்பரப்பு. இறுகிய செம்மண்ணைக் கிளறி, நடுவை உயர்த்தி, இரு பக்கமும் 100க்கு ஒன்று என்னும் சாய்வில் சரித்தோம். நடுக்கோட்டிலிருந்து ஓரம்வரை 25 மீட்டர். ஆகவே நடு 25 சென்டிமீட்டர் உயரம். ஓடும் பிள்ளைக்கு இது தெரியாது, நீருக்குத் தெரியும். களிமண்ணின்மேல் மணலை மட்டும் கொட்டினால் போதாதா என்று சிலர் கேட்டனர். அடியில் வடிகால் இன்றி மணல் இட்டால், களிமண் தொட்டியில் மணலை நிரப்பியதுபோல் ஆகும். மணலும் நனைந்து கிடக்கும்.

புல்லாக, அகன்ற இலையுடைய நம் நாட்டுத் திடற்புல்லையே நட்டோம். மலாய் மொழியில் இதற்கு ‘ரும்புட் பாரிட்’ என்று பெயர். ‘பாரிட்’ என்றால் கான்! ஈரத்தையும் மிதிபடுவதையும் தாங்கும் புல் இது. புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில்கூட நெடுங்காலம் இவ்வகைப் புல்லே இருந்தது. 2023ஆம் ஆண்டில்தான் வேறு வகைப் புல்லிற்கு மாறினார்கள். அவர்களின் செலவு நமக்குக் கட்டாது. பெற்றோர், பழைய மாணவர் அனைவரும் கூடி, கோத்தோங் ரோயோங் முறையில் இரண்டு வார இறுதிகளில் நட்டு முடித்தோம். புல் வேரூன்ற மூன்று மாதம் எவரும் திடலில் கால் வைக்கக் கூடாதென்று கயிறு கட்டியபோது பிள்ளைகளின் முகம் வாடியது. கயிற்றைத் தாண்டிய பந்தை எடுக்கச் சென்றவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

நம் இடர்ப்பாடு உலகில் நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டனிலுள்ள லார்ட்ஸ் கிரிக்கெட் திடல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் சரிந்தது. அத்தனை சாய்வு இருந்தும், அடியில் களிமண் ஆதலால் மழைக்குப்பின் நெடுநேரம் ஆட்டம் நின்றுவிடும். 2002ஆம் ஆண்டு ஆட்டப் பருவம் முடிந்ததும் அக்களிமண்ணை அகற்றி, மணல் இட்டுப் புதிய வடிகாலோடு அமைத்தார்கள். சாய்வு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. பெங்களூர் சின்னசாமி அரங்கில் 2015ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய ஐந்து நாள் ஆட்டத்தில், முதல் நாள் மட்டுமே பந்து வீசப்பட்டது; எஞ்சிய நான்கு நாளும் மழையாலும் ஈரத்தாலும் போயின. 2017இல் அங்கே மண்ணுக்கடியிலுள்ள குழாய்களிலிருந்து நீரை இயந்திரத்தால் உறிஞ்சும் அமைப்பைப் பொருத்தினர். 2024 அக்டோபரில் நியூசிலாந்தோடு ஆடியபோது முதல் நாள் முழுவதும் மழை. இரண்டாம் நாள் ஆட்டம் தொடங்கிவிட்டது. அந்த ஆட்டத்தில் இந்தியா 46 ஓட்டங்களுக்கு வீழ்ந்ததற்கு வடிகால் பொறுப்பன்று.

நமக்கு உறிஞ்சும் இயந்திரம் இல்லை. புவியீர்ப்பும் சரளைக் கல்லுமே உண்டு. கயிற்றை அவிழ்த்த பின்னர் வந்த முதற் பெருமழையை மாணவர்கள் மழைமானியால் அளந்தனர்: 42 மில்லிமீட்டர். மாலை நான்கு மணிக்கு மழை நின்றது. ஐந்தே காலுக்குத் திடலின் நடுவில் நீர் இல்லை. மறுநாள் காலைச் சபைகூடலைத் திடலிலேயே நடத்தினேன். காலணியில் ஈரம் பட்டது, சேறு ஒட்டவில்லை. இவ்வாண்டு விளையாட்டுப் போட்டியும் அங்கேயே நடந்தது. ஓட்டக் கோடுகளைப் போடுவதற்குச் சுண்ணாம்பு வாங்கியபோது, பழைய மூட்டை பண்டசாலையில் கல்லாகிக் கிடந்ததைக் கண்டோம். அத்தனை நாள் பயன்படாமல் இருந்திருக்கிறது.

குறை முற்றும் நீங்கிவிட்டதென்று சொல்ல மாட்டேன். சாலையோர மூலையில், பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றுசேரும் நாள்களில், வெளிக்கால்வாய் நிறைந்து நீர் குழாய்வழியே பின்னோக்கி வருகிறது. இதற்கு ஒருவழிக் கதவு ஒன்று பொருத்த வேண்டும். நீர் வெளியே தள்ளினால் திறக்கும், வெளிநீர் உள்ளே தள்ளினால் தானே மூடிக்கொள்ளும். அதற்கான விலையைக் கேட்டு வைத்திருக்கிறோம். அடுத்த சங்கக் கூட்டத்தில் அதைப் பேசுவோம். அதுவரை அம்மூலையில் பிள்ளைகள் விளையாட வேண்டா.

குழாய் முடியும் இடத்தில் வண்டல் தொட்டி ஒன்று கட்டப்பட்டுள்ளது. அது நிறைந்தால் குழாய் அடைபடும். கான் வெட்டிய முதியவர் மாதம் ஒருமுறை வந்து அதைத் திறந்து பார்க்கிறார். ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் முறைவைத்து அவருடன் நின்று, எத்தனை வாளி வண்டல் எடுக்கப்பட்டது என்று குறித்துக்கொள்கின்றனர். அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், பழைய கான் எங்கே ஓடியது என்பதற்கான வரைபடத்தை அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். ஏடு அலுவலக அலமாரியில் இருக்கிறது.